கிடார்க்காரர் கட்டிய கூத்து

ஓபரா என்றால் என்ன? சென்னைக்காரருக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். கள்ளக்குறிச்சிக்காரருக்கு ரொம்ப சுலபம். 'நம்ம கூத்துதாங்க. என்ன, அங்கே கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்' என்றால் விஷயம் முடிந்தது.

கிண்டல் பண்ணவில்லை. நீங்களே பொருத்திப் பாருங்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை என்று அந்தப் பழைய தென்னாற்காடு பூமி முழுக்க திரௌபதி அம்மன் கோயில்கள். திருவிழா என்றால் ராத்திரி கூத்து. ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, பின்னால் நின்றபடி துரியோதனன் தன் வருகையைத் தானே பாட்டாகச் சொல்லிக்கொண்டு வருவான். விருத்தம், தரு, நடுவே வசனம். ஆடுகிறவனேதான் பாட வேண்டும், பாடுகிறவனேதான் அழவும் வேண்டும். பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், காதைத் துளைக்கும் முகவீணை.

ஓபராவிலும் இதேதான். கதையை நகர்த்துவதற்கு, பேச்சு மாதிரியே போகிற ஒரு பாட்டு. அதற்கு ரெசிடேடிவ் என்று பெயர். கதையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்க்கிற பாட்டு இன்னொன்று. அது ஏரியா. மைக் கிடையாது. நூறு வாத்தியத்தைத் தாண்டி கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். கூத்துக்காரரும் மைக் வருவதற்கு முந்தைய காலத்தில் ஊரின் கடைசி வீட்டுத் திண்ணைக்குக் கேட்கிற மாதிரி பாடியவர்தான். 'அய்யோ, ஓபரா ரொம்ப நீளமாமே' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வாக்னர் என்கிற ஜெர்மன் மகானுபாவர் எழுதியதிலேயே பெரியது 4 ராத்திரி, மொத்தம் 15 மணி நேரம் போல. பாரதக் கூத்து 10 ராத்திரி, சில ஊர்களில் 18. வாக்னர் நம்ம ஊருக்கு வந்திருந்தால் 'சின்னக் கதையா இருக்கே' என்று பெரியவர்கள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இதே திருவிழாவில் பகலில் ஒரு சமாசாரம் நடக்கும். பாரதப் பிரசங்கம். வேஷம் கிடையாது, திரை கிடையாது. வில்லிபாரதப் பாட்டைப் பாடி, அர்த்தம் சொல்லி, கதையை நகர்த்திக்கொண்டே போவார் பிரசங்கியார். பகலில் கேட்டதை ராத்திரி கூத்தில் பார்க்கலாம். ஐரோப்பாவிலும் இந்த இரட்டை ஏற்பாடு இருந்தது. வேஷம் கட்டி ஆடினால் ஓபரா. நின்ற இடத்தில் நின்று, பெரும்பாலும் பக்திக் கதையைக் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து பாடினால் ஓரட்டோரியோ. ஹாண்டெல் லண்டனில் ஓபரா கம்பெனி நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். சீன் செட்டிங், ஆடை, இத்தாலியப் பாடகிகளின் சம்பளம் எல்லாம் கழுத்தைப் பிடித்தபோது ஓரட்டோரியோ பக்கம் சாய்ந்தார். 1742-ல் டப்ளினில் 'மெசையா' பிறந்தது. பி.காம் படித்தவன் என்பதால் எனக்கு இந்த மாதிரி காரணங்கள்தான் முதலில் கண்ணில் படும், மன்னிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கோட்டு சூட்டுக் கூத்துக்குள் கிழிந்த ஜீன்ஸும் நீள முடியுமாக சில பேர் நுழையப் பார்த்த கதைதான் இந்த வாரம். அதில் ஒருவர் நம்ம ஆள். முடி மட்டும் கிடையாது.

ராக் இசைக்காரர்களுக்கு எதற்கு இந்த ஆசை? காசு கொட்டுகிறது, ஸ்டேடியம் நிறைகிறது. அப்புறமும் ஏன்? அந்தஸ்து என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிதான் உண்மை. மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்காத விஷயம் ஒன்று உள்ளே கிடந்து படுத்தும். சினிமாப் பாட்டு எழுதுகிற கவிஞர்கள் எல்லோருக்கும் ஒரு காவியம் எழுதிவிட வேண்டும் என்ற அரிப்பு இருக்கும், பார்த்திருக்கிறீர்கள்தானே? அந்த மாதிரி.

முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று 1969 செப்டம்பர் 24. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். 'டீப் பர்ப்பிள்' குழுவின் ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோ. ஒரு பக்கம் டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிடார். இன்னொரு பக்கம் ராயல் ஃபில்ஹார்மனிக் ஆர்கெஸ்ட்ரா. ரிகர்சலில் வயலின் செல்லோ ஆசாமிகள் முகத்தைச் சுளித்தார்கள். இந்தக் கத்துக்குட்டிகளோடு வாசிக்கவா நாங்கள் சங்கீதம் படித்தோம் என்கிற தோரணை. கண்டக்டர் மால்கம் ஆர்னால்டு ஒரு அதட்டல் போட்டு உட்கார வைத்தார். இந்த ஆர்கெஸ்ட்ராவின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

இருபது வருஷம் கழித்து, 1989 அக்டோபரில், 'போலீஸ்' குழுவின் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் நிஜமாகவே ஒரு ஓபரா எழுதினார். சிலுவைப் போர்க் கதை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் ஓபரா கேட்டு வாங்கி மேடையேற்றியது. விமரிசகர்கள் துவைத்துத் தொங்கப்போட்டார்கள். மனுஷர் அசரவில்லை, தொடர்ந்து எழுதினார். 2011-ல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸிலேயே அவர் படைப்பு ஏறியது. 1991-ல் பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ்காரருக்கு ஸ்வரக் குறிப்பு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. அவரே ஒளிக்காமல் சொல்கிற விஷயம். கார்ல் டேவிஸ் என்ற இசையமைப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'லிவர்பூல் ஓரட்டோரியோ' செய்தார். ஊர் கதீட்ரலில் அரங்கேற்றம். அப்புறம் 2007-ல் 'பிளர்' குழுவின் டேமன் ஆல்பர்ன் மான்செஸ்டரில் சீனக் குரங்குக் கதையை ஓபராவாக்கினார். அந்தக் கதையில் வருகிற துறவிக்கு மூலம் யார் தெரியுமா? யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரைக்கும் வந்துவிட்டுப் போன அதே ஆசாமி!

ஆனால் இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த கதை ரோஜர் வாட்டர்ஸுடையது. 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவின் பேஸ் கிடார்க்காரர். கட்டடக்கலை படிக்கப் போய் பாட்டுக்காரர் ஆனவர். 1943-ல் பிறந்தார். ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போது அப்பா இத்தாலியில் இரண்டாம் உலகப் போரில் செத்துப்போனார். அந்தக் கோபம்தான் அவருடைய எல்லாப் பாட்டிலும். 1979-ல் வந்த 'தி வால்' ஆல்பத்தை ராக் ஓபரா என்றார்கள். அது பேருக்குத்தான் ஓபரா. நிஜ ஓபரா அவரைத் தேடி வந்தது 1987-ல், ஒரு தம்பதியின் உருவத்தில்.

எத்தியென் ரோதா-ழில், பிரெஞ்சுப் பாடலாசிரியர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று ஓடிவந்த குடும்பம். பிரான்ஸில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர். மனைவி நதீன், ஓவியர். பிரெஞ்சுப் புரட்சியை வைத்து அவர் எழுத, இவர் வரைய, கையெழுத்துப் பிரதியாக ஒரு ஓபரா. பெயர் 'சா இரா'. புரட்சிக் காலத்துத் தெருப்பாட்டின் பெயர் அது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்ம பாஷையில் சொல்லலாம். இதற்கு மெட்டுப் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டு, இங்கிலீஷ்காரரான வாட்டர்ஸிடம் போனார்கள்.

போட்டார். 1988-ல் ஒரு மாதிரிப் பதிவு தயார். அது பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரான் காது வரைக்கும் போனது. மனுஷருக்குப் பிடித்துவிட்டது. மறு வருஷம்தான் புரட்சியின் 200-ம் ஆண்டு. பாரிஸ் ஓபராவில் போடலாமே என்றார். ஜனாதிபதியே சொன்ன பிறகு என்ன என்கிறீர்களா? நடக்கவில்லை. ஓபரா நிர்வாகத்தில் முணுமுணுப்பு. எங்கள் புரட்சியைப் பற்றி ஒரு வெள்ளைக்கார... அதாவது, இங்கிலீஷ் வெள்ளைக்காரன் எழுதுவதா? அதிலும் ராக் பாடுகிறவன்?

அதற்குள் நதீனுக்கு ரத்தப் புற்றுநோய். இறந்துபோனார். ரோதா-ழிலுக்கு அந்தக் காகிதங்களைப் பிரித்துப் பார்க்கவே மனசில்லை. பெட்டிக்குள் போய்விட்டது சா இரா.

தொண்ணூறுகளின் நடுவில் வாட்டர்ஸ் மறுபடி எடுத்தார். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவதில் ரிக் வென்ட்வொர்த் கை கொடுத்தார். ரெக்கார்டிங்கில் கண்டக்டரும் அவரே. ஆங்கிலப் பாட்டும் வேண்டும் என்று ரெக்கார்டு கம்பெனி கேட்க, அதையும் வாட்டர்ஸ் உட்கார்ந்து எழுதினார். 2005 செப்டம்பரில் இரண்டு சி.டி.யாக வெளியானது. நவம்பர் 17 அன்று ரோமில் அரங்கேற்றம். எழுத ஆரம்பித்து 18 வருஷம். ரோதா-ழில் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் அவரும் போய்ச் சேர்ந்திருந்தார்.

கதை சொல்கிற முறைதான் கவனிக்க வேண்டியது. புரட்சி ஒரு சர்க்கஸாக நடக்கிறது. ரிங் மாஸ்டர் ஒருவர் சாட்டையோடு வந்து, 'இதோ ராஜா, இதோ ராணி, இதோ ஜனங்கள்' என்று அறிமுகம் செய்து, நடுநடுவே நக்கலும் அடிக்கிறார். அவர் யார்? கட்டியங்காரன்! தர்மரை அறிமுகம் செய்துவிட்டு அடுத்த நொடியே அவர் சூதாட்டப் புத்தியைக் கிண்டலும் பண்ணுகிற, சபையோருக்கும் கதைக்கும் நடுவில் நிற்கிற நம்ம கட்டியங்காரன். வேல்ஸ் நாட்டு மகா பாடகர் பிரின் டெர்ஃபெல் அந்தப் பாத்திரத்தையும் பாடினார், தலை போகிற ராஜா லூயியையும் அவரே பாடினார். கூத்தில் ஒரே ஆள் ரெண்டு வேஷம் கட்டுவது சகஜம்தானே?

இசை எப்படி? ராக் வாடையே கிடையாது. கிடார் சத்தத்தை எதிர்பார்த்துப் போன ரசிகர்கள் ஏமாந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய பாணியில், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கொஞ்சம் அதிக மரியாதை. புது மாமியார் வீட்டுக்குப் போன மருமகன் சோபாவின் நுனியில் உட்காருவானே, அப்படி. அந்த வீட்டுக்காரர்களே அவ்வளவு ஒழுங்காக உட்காருவதில்லை. ஆனால் துப்பாக்கிச் சத்தம், பறவைச் சத்தம், கூட்டத்தின் கூச்சல் என்று நிஜ ஒலிகளை நடுவில் விடுகிற இடங்களில் பழைய பிங்க் ஃபிளாய்ட் வாட்டர்ஸ் எட்டிப் பார்க்கிறார். அங்கேதான் உயிர் இருக்கிறது. அடுத்த வருஷம் போலந்தின் போஸ்னான் நகரத்தில் குதிரையும் பீரங்கியுமாகப் பிரமாண்டமாக மேடையேற்றினார்கள். 2008-ல் அமேஸான் காட்டு நடுவே இருக்கும் மனௌஸ் ஓபரா ஹவுஸ், 2013-ல் சாவ் பாலோ. எல்லா ஊரும் சுற்றியது.

இப்போது அதே 2005-க்கு, ஜூன் 30-க்கு வாருங்கள். வாட்டர்ஸ் லண்டனில் இருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஹைட் பார்க்கில் 'லைவ் 8' மேடையில், 24 வருஷத்துக்குப் பிறகு பிங்க் ஃபிளாய்டின் நான்கு பேரும் ஒன்றாக ஏறப்போகிறார்கள். உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சென்னை மியூசிக் அகாடமியில் இன்னொரு வெளியீடு. 'திருவாசகம் சிம்பொனியில்'. இசை: இளையராஜா. அவரும் 1943-ல் பிறந்தவர்.

இளையராஜா ராக் இசைக்காரர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐரோப்பாவில் ராக்குக்கு என்ன இடமோ, அதுதான் இங்கே சினிமாப் பாட்டுக்கு. கோடிப் பேர் முணுமுணுப்பார்கள். சபாக்காரர்கள் 'அதெல்லாம் லைட் மியூசிக்' என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்குவார்கள். அவரும் கிடாரோடு வந்தவர்தான். அண்ணன் பாவலர் வரதராசனின் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம். அறுபதுகளின் கடைசியில் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு. பாக்கும் மோசார்ட்டும் அந்தச் சின்ன லாட்ஜ் ரூமில்தான் அவருக்கு அறிமுகம். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்திய கிளாசிகல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம். சலில் சௌத்ரி, ஜி.கே. வெங்கடேஷ் ஆகியோரிடம் வாசித்து, உதவியாளராக இருந்து, 1976-ல் 'அன்னக்கிளி'.

அந்த 1976-ல் கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்னொன்று நடந்தது. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வரும். ஊருக்கு மேற்கே, கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை. அங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளாக்காரர் என்று நினைக்காதீர்கள். மலைவாழ் தமிழர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அந்த மலை முழுக்க மூன்று ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் ஆன பிறகு, எமர்ஜென்சி காலத்தில், 1976 ஜூன் 25 அன்றுதான் ஜாகீர் ஒழிந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ஜாகீர் போயிற்று. ஆனால் உழுகிற நிலத்துக்குப் பட்டா? அது வேறு கதை. அந்த இழுபறி பல வருஷம் நீண்டது. 2024-ல் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதுதான் பேப்பர்காரர்களுக்கு இந்தப் பக்கம் வழி தெரிந்தது. மலை ஜனங்களின் நிலைமையை சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்ததும் அப்போதுதான்.

கிளாசிகல் என்பதும் ஒரு ஜாகீர்தான். அங்கேயும் இங்கேயும். அன்னக்கிளியோடு இளையராஜா உள்ளே வந்துவிட்டார். பட்டா மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1986-ல் 'ஹவ் டு நேம் இட்'. அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்து சமர்ப்பணம் செய்தார். 1993-ல் லண்டன் போய் முழு சிம்பொனி ஒன்றைப் பதிவு செய்தார். கண்டக்டர் ஜான் ஸ்காட். வாசித்தது? ராயல் ஃபில்ஹார்மனிக். டீப் பர்ப்பிளிடம் முகம் சுளித்த அதே ஆர்கெஸ்ட்ரா! இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது பாருங்கள். மெக்கார்ட்னிக்கு ஒரு கார்ல் டேவிஸ் தேவைப்பட்டார். வாட்டர்ஸுக்கு ஒரு வென்ட்வொர்த். பண்ணைபுரத்துக்காரருக்கு யாரும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன ஸ்வரம் என்பதைத் தானே பேப்பரில் எழுதிக் கொடுத்துவிடுவார். சினிமா ரெக்கார்டிங்கில் தினமும் செய்த வேலைதானே! 'லைட் மியூசிக்' ஆளுக்குத்தான் அந்த விஷயத்தில் கை சுத்தம்.

93 சிம்பொனி வெளியே வரவில்லை. பெட்டிக்குள் போனது. வாட்டர்ஸின் சா இராவும் அதே நேரம் பெட்டிக்குள்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் இன்னொரு தம்பட்டமும் அடிக்கப்பட்டது. 'சிம்பொனி எழுதிய முதல் ஆசியர்.' பெருமைதான், ஆனால் சரியில்லை. ஜப்பானின் கோசாக்கு யமாதா 1912-லேயே எழுதிவிட்டார். இந்த மாதிரி பொய்ப் பட்டம் கட்டி விடுவது ராஜாவுக்கு நாம் செய்கிற உதவி இல்லை. அவர் செய்தது முதல் ஆளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிசுதான்.

திருவாசகத்துக்கு வருவோம். தமிழ் மையம் என்ற அமைப்பின் ஏற்பாடு. பின்னணியில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், ஜெகத் கஸ்பர். ஹங்கேரியில் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, லாஸ்லோ கோவாச் நடத்தினார். மொத்தம் 6 பாட்டு. ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், பிராட்வே மேடைகளில் கொடி கட்டிப் பறந்தவர்.

உடனே சர்ச்சை. ஒரு பக்கம் சங்கீதம் தெரிந்தவர்கள். 'இது சிம்பொனியே இல்லை. சிம்பொனி என்றால் வாத்தியங்கள் மட்டும்தான், பாட்டு வந்தால் அபூர்வம். இது ஓரட்டோரியோ' என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பகலில் நடக்கிற பாரதப் பிரசங்கம் ஞாபகம் இருக்கிறதா? பக்திப் பாட்டு, வேஷம் இல்லாமல், கோரஸோடு. அதேதான். ஆனால் 'ஓரட்டோரியோவில் திருவாசகம்' என்று போஸ்டர் ஒட்டினால் எத்தனை பேருக்குப் புரியும்? சிம்பொனி என்ற சொல் நம்ம ஊரில் இசை வடிவத்தின் பெயராக வரவில்லை. 'பெரிய வேலை' என்பதற்கான பட்டமாகத்தான் வந்தது.

இன்னொரு பக்கம் பக்தர்கள். ஓதுவார்கள் காலங்காலமாக மோகன ராகத்தில் பாடிக்கொண்டு வந்ததை வயலின் கூட்டத்திடம் கொடுக்கலாமா? அதுவும் ஒரு பாதிரியார் முன்னே நின்று? இப்படிக் கேட்டவர்களுக்கு ஜி.யு. போப் நினைவுக்கு வரவில்லை. திருவாசகத்தை முழுசாக ஆங்கிலத்தில் கொண்டுபோய் 1900-ல், தன் 80 வயதில், ஆக்ஸ்போர்டில் அச்சேற்றியவரும் ஒரு பாதிரியார்தான். மாணிக்கவாசகருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எனக்கு அந்த ஆல்பத்தில் குறை உண்டு. சில இடங்களில் இரண்டு வீடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, நடுச்சுவர் இடிபடவில்லை. ஆனால் 'பொல்லா வினையேன்' இருக்கிறதே, ஏறத்தாழ 20 நிமிடம்! ஒரு மனுஷன் தான் எவ்வளவு சின்னவன் என்று பாடிக்கொண்டே போக, பின்னால் ஆர்கெஸ்ட்ரா பெரிசாகிக்கொண்டே போகிறது. கதை கிடையாது, வேஷம் கிடையாது, இருந்தாலும் நாடகம் நடக்கிறது. வாட்டர்ஸ் சோபா நுனியில் உட்கார்ந்தார் என்றேன். ராஜா இந்தப் பாட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நிஜ ஓபராவைத் தொட்ட இந்தியர் இன்னொருவர் உண்டு. ரவிசங்கர். ராக் ஆள் இல்லைதான். ஆனால் 1967-ல் மான்டெரி, 1969-ல் உட்ஸ்டாக் என்று ராக்கர்களின் கோட்டைகளிலேயே போய் சிதார் வாசித்தவர். கடைசிக் காலத்தில் மகாபாரதத்திலிருந்து ஒரு கிளைக்கதையை எடுத்தார். கிழ முனிவரை மணந்த இளவரசி சுகன்யா. அவருடைய மனைவி பெயரும் சுகன்யா, சென்னையில் பிறந்தவர். ஓபராவை முடிக்காமலே 2012 டிசம்பரில் 92 வயதில் போய்விட்டார். சீடர் டேவிட் மர்ஃபி முடித்துக் கொடுக்க, 2017-ல் இங்கிலாந்தில் அரங்கேறியது. மகாபாரதக் கிளைக்கதை ஓபராவாகிவிட்டது என்று அங்கே ஆச்சரியப்பட்டார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். களப்பலிக்குத் தயாரான அரவான், அவனுக்கு ஒரே ஒரு ராத்திரிக்கு மனைவியாகிற மோகினி, விடிந்தால் தாலி அறுப்பு. சித்திரையில் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் வந்து நிஜமாகவே தாலி கட்டி, நிஜமாகவே ஒப்பாரி வைக்கிறார்கள். வெர்டிக்கும் புச்சினிக்கும் இப்படி ஒரு கதை கிடைத்திருந்தால் விட்டிருப்பார்களா?

காசு விஷயத்தையும் பேசிவிடலாம். ஓபரா எந்த ஊரிலும் டிக்கெட் காசில் மட்டும் பிழைத்ததில்லை. ராஜா கொடுத்தார், பிறகு அரசாங்கம், பிறகு கம்பெனிகள். கூத்துக்கு? ஊரில் தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, அதில் கூத்துக்காரருக்குப் பணம், பந்தல், விளக்கு. ஆக, கூத்துப் பார்க்கிற ஒவ்வொரு குடும்பமும் அதற்கு ஸ்பான்சர். வியன்னாவில்கூட இந்த ஏற்பாடு கிடையாது. ஆனால் இந்தக் கலைக்கு 'கிளாசிகல்' என்ற பட்டா மட்டும் கிடைக்கவே இல்லை. 'கூத்தாடி' என்பதை இன்னமும் வசவாகத்தானே வைத்திருக்கிறோம்?

காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபால் என்ற கூத்து வாத்தியார் இதைப் பற்றி விடாமல் பேசிவருகிறார். தெருக்கூத்து என்று சொல்லாதீர்கள், கட்டைக்கூத்து என்று சொல்லுங்கள் என்பார். தோளிலும் மார்பிலும் கட்டுகிற மர ஆபரணங்களுக்குக் கட்டை என்று பேர். அதிலிருந்து வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சிம்பொனியா ஓரட்டோரியாவா என்று சண்டை போட்ட ஊர் இது! 2010-களின் கடைசியில் அவர் குழுவும் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகிய கர்னாடகப் பாடகர்களும் ஒரே மேடையில் மகாபாரதக் காட்சிகளைப் பாடினார்கள். யாருக்கு யார் இடம் கொடுத்தார்கள் என்பதை விடுங்கள். சபா சங்கீதத்தின் சுருதிக்குக் கூத்துக்காரர் இறங்கிவர வேண்டியிருந்ததா, கூத்தின் உச்சக் குரலுக்கு சபா ஏறிவர வேண்டியிருந்ததா? அதைக் கவனித்துக் கேளுங்கள். சுவாரசியமாக இருக்கும்.

கடைசியாக ஒரு தேதி. 2025 மார்ச் 8. லண்டன். இளையராஜாவுக்கு 81 வயது. அவருடைய முதல் சிம்பொனியாக 'வேலியன்ட்' அரங்கேறியது. 93-ல் பெட்டிக்குள் போனது அல்ல, புதிதாக எழுதியது. ராயல் ஃபில்ஹார்மனிக் கான்செர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, மிக்கெல் டாம்ஸ் நடத்தினார். எந்த அரங்கில் தெரியுமா? ராயல் ஆல்பர்ட் ஹாலில் இல்லை. ஹாமர்ஸ்மித் அப்பல்லோவில். பழைய பெயர் ஹாமர்ஸ்மித் ஓடியன். ராக் ரசிகர்களுக்கு அது திருப்பதி. 1973 ஜூலை 3 அன்று டேவிட் போவி தன் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் வேஷத்தை மேடையிலேயே கலைத்துவிட்டுப் போன இடம். ராக்காரர் வாட்டர்ஸின் ஓபரா ரோமில் கிளாசிகல்காரர்களின் அரங்கில் ஏறியிருந்தது. நம்ம ஆளின் சிம்பொனி ஏறியது ராக்கர்களின் அரங்கில். நம்ம ஜனங்கள் பட்டுப் புடவையும் வேட்டியுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்க் கணக்கில் அன்றைக்கு மாசி 24. இன்னும் ஒரு வாரத்தில் பங்குனி பிறந்துவிடும். கள்ளக்குறிச்சிப் பக்கம் கூத்துக்காரர்களுக்கு சீசன் ஆரம்பம்.